அப்பாவின் சீட்டு, மகனின் சீட்டு

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவு. சீட்டு எழுதும் ஜன்னலுக்கு முன்னால் நின்ற அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். "யாருக்கும்மா பாக்கணும்?" என்று உள்ளேயிருந்தவர் கேட்டார். "ரெண்டு பேருக்கும் சார்" என்றார். அந்த இரண்டு பேரும் பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கணவர். கை நடுங்குவது தெரியாமலிருக்கத் துண்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மற்றவன் மகன். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தான். கணவருக்குக் குடி. மகனுக்குக் கஞ்சா.

வேறோர் உறவினருக்குத் துணையாகப் போயிருந்த எனக்கு அன்று மூன்று மணி நேரக் காத்திருப்பு. அந்த அம்மா பேசியதில் ஒன்று மட்டும் பல மாதங்களாகியும் மனதைவிட்டுப் போகவில்லை. "அவரு குடிச்சா எனக்குத் தெரியும். என்ன பேசுவாரு, எப்ப அடிப்பாரு, எப்ப அழுவாரு, எல்லாம் தெரியும். இவன் என்ன ஆனான்னே தெரியலையே!"

இந்தக் கட்டுரையை அந்தச் சொல்லுக்கு எழுதும் உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மதுவையும் கஞ்சாவையும் ஒப்பிடுவதை நான் தொடங்கிவைக்கவில்லை. பெட்டிக்கடை ஓரத்திலும் கல்லூரி விடுதி மொட்டைமாடியிலும் பையன்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். "அப்பா குவார்ட்டர் அடிக்கிறாரு, யாரும் கேக்கல. நான் இலையத்தானே இழுக்குறேன்." கூடவே, இது இயற்கை, இது சிவமூலிகை, சித்தர்களே பயன்படுத்தியது என்ற துணைவாதங்களும் வரும். இந்த வாதத்தைக் கன்னத்தில் அறைந்து முடித்துவிடப் பார்க்கும் அப்பாக்கள் தோற்றுப்போகிறார்கள். அறைகிறவரின் வாயிலிருந்தே வாடை வருவது ஒரு காரணம். வாதத்தில் பாதி உண்மை இருப்பது இன்னொன்று.

அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர். கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி, வாயிலும் உணவுக்குழாயிலும் வரும் புற்று, நள்ளிரவுச் சாலை விபத்துகள் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமற நிறுவப்பட்டவற்றின் பட்டியலில் மது 1988லேயே ஏறிவிட்டது. கஞ்சாவை அளவுக்கு மீறிப் புகைத்து அந்த நஞ்சினாலேயே மூச்சு நின்று சாவது ஏறக்குறைய நடப்பதில்லை. மூச்சை ஆளும் மூளைத்தண்டில் கஞ்சா பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகக் குறைவு என்பது அதற்கு விளக்கம். சாராயமோ ஓர் இரவில் ஒரு தெருவையே காலி செய்யும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானவர்கள் 60 பேருக்கும் மேல்.

பையன்கள் அறியாத பழைய சாட்சியம் ஒன்றும் அவர்கள் பக்கம் இருக்கிறது. கஞ்சா குடிப்பவர்கள் பைத்தியமாகிறார்களா என்று விசாரிக்க ஆங்கிலேய அரசு 1893இல் ஓர் ஆணையம் அமைத்தது. ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தார்கள். மிதமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்லும்படியான தீங்கில்லை, அளவு மீறுகிறவர்களுக்கே கேடு என்பது அதன் முடிவு. மனநோய்க் காப்பகப் பதிவேடுகளைப் புரட்டியபோது, 'நோய்க்குக் காரணம்' என்ற கட்டத்தில் சரியாக விசாரிக்காமலே 'கஞ்சா' என்று எழுதி நிரப்பியிருந்ததையும் அந்த ஆணையம் கண்டுபிடித்தது. குமாஸ்தாவுக்கு அது வசதியான சொல். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வசதி போய்விடவில்லை. எந்தக் குற்றச் செய்தியிலும் 'கஞ்சா போதையில்' என்று சேர்த்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம்.

அப்படியானால் மீதிப் பாதி எங்கே பிழைக்கிறது?

முதலாவது, வீரியம். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்ற பொருளை இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தறிந்தது 1964இல். 1893 ஆணையத்துக்கு அளக்க எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014இல் 12 சதவீதமானது. அதே பெயர், வேறு சரக்கு. டாஸ்மாக் பாட்டிலின் அட்டையிலாவது 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலேறி வந்து கைமாறும் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. அதைச் சிகரெட்டில் புகையிலையோடு கலந்து சுருட்டுவதால் நிக்கோட்டின் அடிமைத்தனமும் இலவச இணைப்பாக வந்துவிடுகிறது. 'நான் சிகரெட் பிடிக்க மாட்டேன், இது மட்டும்தான்' என்று சொன்ன ஒரு பையனைச் சந்தித்திருக்கிறேன். மூன்று மாதத்தில் இரண்டுமே அவனைப் பிடித்திருந்தன.

இரண்டாவது, வயது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நம் வீடுகளில் குடி பெரும்பாலும் நடுவயதின் நோய். இருபதுகளில் தொடங்கினாலும் ஈரல் கெடவும் வேலை போகவும் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. அதற்குள் அந்த மனிதர் ஒரு தொழில் கற்றிருப்பார், கல்யாணம் செய்திருப்பார், ஏதோ ஒரு ஆளாக இருந்திருப்பார். குடும்பத்துக்கு, 'முன்னாடி எப்படி இருந்த மனுஷன்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய உருவம் உண்டு. கஞ்சாவோ பதினைந்திலிருந்து இருபதுக்குள், ஆள் உருவாவதற்கு முன்பே வருகிறது. மூளை தன் இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்தி முடிக்க இருபத்தைந்து வயதுவரை ஆகும். அந்த வேலையில், உடலே சுரக்கும் கஞ்சா போன்ற பொருள்களுக்கும் பங்குண்டு. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்த மெஷூலத்தின் ஆய்வகம், 1992இல் அதற்கு 'ஆனந்த'த்திலிருந்தே பெயர் எடுத்து ஆனந்தமைடு என்று சூட்டியது. உடல் துளித்துளியாகக் கொடுத்துவரும் அந்த ஆனந்தத்தின் இடத்தில் வெளியிலிருந்து தினமும் வாளிவாளியாக ஊற்றினால் கத்தரிப்பு எப்படி நடக்கும் என்பதே ஆய்வாளர்களின் கவலை.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்துவருகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பு 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்ததாக 2012இல் எழுதினார்கள். மறுத்தவர்களும் உண்டு. ஏழ்மையும் வளர்ந்த சூழலும்தான் காரணம் என்றார் ஒருவர். இரட்டையர்களை வைத்துச் செய்த பிறிதோர் ஆய்வில், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

முடிவுக்கு நெருங்கியிருக்கும் வழக்கு மனச்சிதைவு பற்றியது. ஸ்வீடனில் 1969–70இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தபோது, ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சிதைவு வந்தது புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு. பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் மறைந்துபோகவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பல ஊர்களை ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வு வீரியத்தையும் கணக்கில் சேர்த்தது. 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ள சரக்கைத் தினமும் புகைக்கிறவர்களுக்கு, தொடாதவர்களைவிட மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனச்சிதைவு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் நோய். ஐந்து மடங்கு என்றாலும் புகைக்கிற பெரும்பாலோருக்கு அது வராது. அதனால்தான், 'என் செட்டுல பத்துப் பேர் அடிக்கிறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல' என்ற பேச்சு எடுபடுகிறது. பதினோராவது பையன் யாரென்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. தாய்வழியிலோ தந்தைவழியிலோ மனநோய் இருந்த குடும்பம் என்றால் ஆபத்து கூடுதல். ஆனால் அதே குடும்பங்களில்தான் 'சித்தப்பாவுக்கு என்னாச்சு' என்ற கேள்வியைப் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மதுவும் மனதைப் பிறழச் செய்யும். நீண்டநாள் குடிகாரருக்குக் காதில் குரல் கேட்பதும், மனைவிமேல் ஆதாரமில்லாச் சந்தேகம் வேர்விடுவதும் மனநல மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பவை. ஆனால் பிறகு நடப்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஃபின்லாந்தில், போதையால் மனம் பிறழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களை எட்டு ஆண்டு கண்காணித்தார்கள். மதுவால் அப்படி வந்தவர்களில் பின்னாளில் மனச்சிதைவு வகை நோயாளி ஆனவர்கள் 5 சதவீதம். கஞ்சாவால் வந்தவர்களில் 46 சதவீதம். ஒப்பாய்வு என்ற சொல்லுக்கு நான் பார்த்தவற்றில் இவ்வளவு பச்சையான இரண்டு எண்கள் இல்லை. கஞ்சா நோயை உண்டாக்கியதா, வரவிருந்த நோயைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்ததா என்று நிபுணர்கள் வாதாடட்டும். குரல் கேட்கிறது என்று பையன் சொன்ன பிறகு வீட்டுக்கு அந்த வேறுபாட்டால் ஆவது ஒன்றுமில்லை. 'போதை தெளிஞ்சா சரியாயிடும்' என்று காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் போதும்.

ஆனால் நம் குடும்பங்கள் காத்திருக்கின்றன. காரணம் இருக்கிறது. தெளிந்தால் சரியாகிவிடும் என்பது குடிகாரரோடு இருபது வருடம் வாழ்ந்து கற்ற பாடம். அப்பா ராத்திரி ஆடினார், காலையில் மோர் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். மகனுக்கும் அதே அளவுகோல். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த அளவுகோல் பற்றித்தான். எது அதிகக் கேடு என்ற பட்டிமன்றத்தால் வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கிறோம், இரண்டு இடத்திலும் தவறாக அளக்கிறோம்.

உடலுக்குள் போன பிறகு இரண்டும் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். மது தண்ணீரில் கரைவது. கல்லீரல் மணிக்கு இவ்வளவு என்று ஒரே வேகத்தில் எரித்து, மறுநாளுக்குள் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. தினமும் புகைக்கிறவரின் உடற்கொழுப்பில் ஒதுங்கி, நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் சிறுநீரில் தலைகாட்டும். குடியில் போதை உண்டு, தெளிவு உண்டு, இரண்டுக்கும் நடுவே கோடு உண்டு. அன்றாடக் கஞ்சாவில் அந்தக் கோடு கலைந்துவிடுகிறது. மந்தமும் மறதியும் அக்கறையின்மையும் அவன் சுபாவம்போலவே ஆகிவிடும். 'சோம்பேறி, செல்போனே கதின்னு கிடக்கான்' என்று வீடு முடிவுகட்டிவிடும்.

நிறுத்தும்போது இந்த வேறுபாடு தலைகீழாகத் திரும்புகிறது. உயிர் போகும் இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடல் நடுங்கி, வியர்த்து, காய்ச்சல் கண்டு, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். கவனிக்காமல் விட்டால் சாவு வரும். நம் ஊரில் குடியை நிறுத்தும் வழிகள் எவை? கோயிலில் கயிறு கட்டுவது, ஐயப்பனுக்கு மாலை போடுவது, அறையில் போட்டுப் பூட்டுவது. எல்லாமே சட்டென்று நிறுத்துவதுதான். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. மாலையின் பலத்தில் 48 நாள் சுத்தமாக இருந்து அப்படியே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் மொடாக்குடியர் ஒருவர் மாலை போடுவதற்கு முந்தைய வாரமே மருத்துவரைப் பார்த்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டுக்கொள்வதால் ஐயப்பன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. குடிகாரர் உடலில் அந்தப் பி1 வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் நினைவாற்றலையே நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு.

கஞ்சாவை நிறுத்தினால் யாரும் சாவதில்லை. அதனால் நிறுத்தும்போது ஒன்றும் ஆகாது என்று நெடுங்காலம் மருத்துவ உலகமே நினைத்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் கஞ்சா விலகல் ஒரு நோய்நிலையாக ஏறியதே 2013இல்தான். தூக்கம் வராது, பசிக்காது, வியர்க்கும், எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுவான், கெட்ட கனவுகள் வரும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் தணிவு. இது நோயின் வேகம் என்று தெரியாத வீட்டில், நிறுத்திய பையன் நிறுத்தாதபோது இருந்ததைவிடக் கொடுமையாகத் தெரிவான். 'விட்டுட்டேன்னு பொய் சொல்றான், இன்னும் அடிக்கிறான்' என்று அந்த வாரத்தில்தான் பெரிய சண்டை வெடிக்கும். சண்டை போட்டுக்கொண்டு வெளியே போகிறவன் எங்கே போவான்?

இன்னொரு விசித்திரம். வருடக்கணக்கில் தினமும் புகைக்கும் சிலருக்கு ஓயாத குமட்டலும் வாந்தியும் வரும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் மட்டும் தணியும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பக்கத்து மருத்துவர்கள் 2004இல் இதை முதலில் விவரித்தார்கள். வாந்தியை அடக்கும் மூலிகை என்று பெயரெடுத்த செடி வாந்தியையே கொண்டுவருகிறது. விவரம் தெரியாத வீட்டில் இது 'அல்சர்' ஆகிவிடும். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். மகன் ஒரு மணி நேரமாகக் குளியலறையில் என்ன செய்கிறான் என்று அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இனி வீட்டுக்கு வெளியே. அப்பாவின் பாட்டிலுக்குப் பின்னால் அரசாங்கம் இருக்கிறது. டாஸ்மாக் 1983இல் தொடங்கிய மொத்த விற்பனை நிறுவனம். 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளும் அதனுடையவை. 2023–24இல் மாநில அரசுக்கு அதன்வழி வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குக்கும் இதற்கும் நடுவில் தமிழக அரசியலின் பாதிக் கதை அடங்கியிருக்கிறது. அதை இங்கே விரிக்கப்போவதில்லை. மகனின் பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். ஒரு கிலோவரை 'சிறிய அளவு', ஓராண்டுவரை கடுங்காவல். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. அப்பா குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் தூக்கிவந்து திண்ணையில் போடுவார்கள். மகன் சட்டைப்பையில் பத்து கிராமோடு பிடிபட்டால் அரசு வேலையும் பாஸ்போர்ட்டும் கேள்விக்குறி.

இந்த வித்தியாசம் நோயிலும் வந்து படிகிறது. குடி நோயாளியின் வீட்டார் வெட்கப்படுகிறார்கள். கஞ்சா நோயாளியின் வீட்டார் அஞ்சுகிறார்கள். வெட்கம் ஒருநாள் உடைந்துவிடும், 'எந்த வீட்டுலதான் குடிக்கல' என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் ஒரு வார்த்தை போதும். அச்சம் அப்படி உடையாது. மருத்துவரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்றெண்ணி, 'ரெண்டு மாசமா தூங்க மாட்டேங்கிறான்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பாதி விவரத்தோடு மருத்துவர் என்ன செய்வார்? அதே சட்டத்தின் 64-ஏ பிரிவைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ வழக்கில் மாட்டியவர், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து காப்பு தரும் பிரிவு அது. கஞ்சா வேட்டைக்குத் தெருத்தெருவாகத் தட்டி வைக்கும் ஊரில் இந்தப் பிரிவுக்கும் ஒரு தட்டி வைத்திருக்கலாம்.

எண்ணிக்கையில் குடிதான் மலை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி மது அருந்துவோர் 16 கோடி, அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. பாங்கையும் சேர்த்துக் கஞ்சாச் செடி வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, உதவி தேவைப்படுவோர் 72 லட்சம். குடிப்பவரில் மூன்றில் ஒருவருக்கு மேல், கஞ்சாவில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைக் காட்டிக் கஞ்சாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. நாற்பத்தெட்டில் விழுகிறவருக்கும் பத்தொன்பதில் விழுகிறவனுக்கும் முன்னால் மீதியிருக்கும் வருடங்கள் ஒன்றல்ல. குடிகாரக் கணவரைக் கடைசியில் மகன் தாங்குவான் என்று மனைவி நம்பியிருப்பாள். மகனை யார் தாங்குவது? அவள்தான், அதுவும் அவளுக்குப் பின்னால் யார் என்ற கேள்வியோடு.

வீட்டின் கண் எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குடிக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணி, சரக்கு, கட்டிங், குவார்ட்டர், ஆஃப், மப்பு, தள்ளாட்டம். எந்த அளவுக்கு எந்த ஆட்டம் என்று வீட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வாடையைத் தெருமுனையிலேயே பிடித்துவிடுவார்கள். குழந்தைகள்கூட அன்றிரவு பாடப்புத்தகத்தை எடுப்பதா, ஆத்தா வீட்டுக்கு ஓடுவதா என்று செருப்புச் சத்தத்தில் தீர்மானித்துவிடும். கஞ்சாவுக்கு வீட்டுக்குள் புழங்கும் சொல்லே இல்லை. அது பையன்களின் மொழியில், ஸ்டஃப் என்றும் பொட்டலம் என்றும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து, வாடைக்கு ஊதுபத்தி. தனியே சிரித்தால் காதல், பேசாமலிருந்தால் காதல் தோல்வி, யாரோ பார்க்கிறார்கள் என்று ஜன்னலை மூடினால் செய்வினை. குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா என்று ஒரு சுற்று முடிந்து மருத்துவமனை வாசலுக்கு வரும்போது ஒரு வருடம் போயிருக்கும். மனப்பிறழ்வின் முதல் வருடம் சிகிச்சைக்கு நன்றாக இசைந்துகொடுக்கும் வருடம் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

சிகிச்சைக்கு வந்த பிறகும் வழிகள் வேறு. குடிக்கு மருந்துகள் உண்டு. குடித்தால் உடம்பைப் புரட்டும் டைசல்ஃபிராம், ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்றவை. 1935இல் தொடங்கிய குடிநோயர் தோழமைக் குழுக்கள் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள்வரை கூட்டம் நடத்துகின்றன. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய மையம், நோயாளியோடு மனைவியையும் பெற்றோரையும் சேர்த்தே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டது. குடும்பத்துக்கு அங்கெல்லாம் சொல்லப்படுவது, மூடி மறைக்காதீர்கள் என்பது. அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்லாதீர்கள், அவர் கடனை அடைக்காதீர்கள், வாந்தியைத் துடைத்து ஒன்றும் நடக்காததுபோல் காலையில் காபி கொடுக்காதீர்கள். விளைவு அவர்மேல் விழட்டும்.

கஞ்சாப் பழக்கத்துக்கென்று நிறுவப்பட்ட மருந்து இன்னும் இல்லை. பேச்சு, பொறுமை, ஊக்கம், கூட்டாளிகளை மாற்றுவது. மனம் பிறழ்ந்திருந்தால் அதற்குத் தனி மாத்திரை, நீண்ட காலம். அங்கே குடும்பத்துக்குச் சொல்லப்படுவது ஏறக்குறைய எதிர்ப்பாடம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள், எப்போதும் குத்திக்காட்டும் வீட்டுக்குத் திரும்பும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகம் என்று காட்டின. சண்டிகரில் அதே அளவுகோலால் அளந்தபோது நம் குடும்பங்களில் அந்தக் கடுஞ்சொல் லண்டனைவிடக் குறைவு, நோய் திரும்புவதும் குறைவு. நம் வீடுகளின் கையிருப்பு அது. குடி அதைத்தான் முதலில் செலவழித்துவிடுகிறது. இருபது வருடம் குடிகாரரோடு கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மகனிடம் மட்டும் தணிந்து பேச வேண்டும். ஒருவரிடம் கை கழுவுவதுபோல் உறுதி, இன்னொருவனிடம் கைக்குழந்தையிடம் காட்டும் நிதானம். ஒரே சமையலறையில், ஒரே பெண்.

அன்று அந்த அம்மாவிடம் இரண்டு மருத்துவர்களும் இந்த இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தவர், "அவரக் கண்டுக்காத விடுங்கிறாங்க, இவன விடாம கவனின்னு சொல்றாங்க. நான் எந்தப் பக்கம் பாக்குறது?" என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

மருந்து வாங்கும் இடத்தில் இரண்டு உறை மாத்திரை. எழுதப்படிக்கத் தெரியாதவர் இல்லை, ஆனாலும் ஒன்றில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத்தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். கணவரின் உறை மஞ்சள் பைக்குள் போயிற்று. மகனின் உறையை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு மறுபடியும் சீட்டு ஜன்னலுக்கே வந்தார். அப்பாவுக்கு அடுத்த தேதி செவ்வாய்க்கிழமை, மகனுக்கு வெள்ளிக்கிழமை.

"ஒரே நாளா போட்டுக் குடுங்க சார். ரெண்டு பஸ் மாறி வரணும். ரெண்டு நாள் கூலி போயிரும்."

"வேற வேற டாக்டரும்மா. செவ்வாய் குடிக்கு, வெள்ளி இதுக்கு."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து எடுத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் நடந்தார். நடுவில் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்து, செருப்பை மாட்டச் சொன்னார்.